"ஆண்டவர் திருவுளம்" என்று சொல்லி அப்பா ஆஞ்சியோ எடுக்க மறுக்கிறார்: இது விசுவாசமா?

தேவகோட்டை மகள் | 14 டிசம்பர், இரவு 9.40

இயேசுவுக்கே புகழ். இங்கே பெரும்பாலும் வாசித்துவிட்டுப் போகிறவள் நான். இன்று மனம் கேட்கவில்லை, எழுதுகிறேன்.

அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். நிலத்தை இன்னும் அவரேதான் பார்க்கிறார். கண்மாய்க் கரை ஏறும்போது நெஞ்சை அமுக்குகிறது என்று ஐப்பசியிலேயே சொன்னார். இசிஜி பார்த்த மருத்துவர், மதுரைக்குப் போய் ஆஞ்சியோ (இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இன்றுவரை மாதா படத்துக்குப் பின்னால் செருகிக் கிடக்கிறது. கேட்டால், "மூச்சு ஆண்டவர் கொடுத்தது, அவர் திருவுளப்படி நடக்கட்டும். குழாய் விட்டுப் பார்த்து அவரைச் சோதிக்க மாட்டேன்" என்கிறார்.

இன்று பூசையில் பிரசங்கமும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்திய இந்தத் திருவருகைக் காலம் பொறுமையின் காலம், இறைவனின் திட்டத்துக்குப் பணிந்து காத்திருங்கள் என்றார் சாமி. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "கேட்டாயா?" என்றார். என்ன பதில் சொல்வது?

நான் வற்புறுத்துவது விசுவாசக் குறைவா? கடவுளின் விருப்பத்துக்குப் பணிவது என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்மண் காடு | 14 டிசம்பர், இரவு 10.25

உங்கள் அப்பா "கேட்டாயா" என்றது இன்றைய இரண்டாம் வாசகத்தை மனத்தில் வைத்துத்தான் இருக்கும். யாக்கோபு திருமுகம், ஐந்தாம் அதிகாரம். பயிரிடுகிறவர் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருக்கிறார் என்று வந்ததே, அது. நானும் சம்சாரிதான் அம்மா, உழுது பிழைக்கிறவன். அந்த வாசகத்தைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

நம் பக்கம் பெரிய ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிறைந்தால் சோறு, இல்லாவிட்டால் ரேஷன். அப்படிப்பட்ட ஊரில் நாம் எப்படி விதைக்கிறோம்? ஆவணி, புரட்டாசியில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாதபோதே உழுது, கட்டியெல்லாம் உடைத்து, காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிடுகிறோம். அந்த மண்ணைக் கையில் அள்ளினால் விரலிடுக்கில் மாவாக ஒழுகும். ஈரம் என்பதே இருக்காது. எறும்பு இழுக்கும், குருவி பொறுக்கும், அரைகுறை மழை பெய்து முளைவிட்டு அப்புறம் ஒரு மாதம் காய்ந்தால் அதுவும் போயிற்று. தஞ்சாவூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் மழை விழட்டும், அப்புறம் விதைக்கலாம் என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தை மாதம் அரிவாளை எடுக்க வேலை இருக்காது.

யாக்கோபு சொல்லும் பொறுமை விதைத்தவனுடைய பொறுமை. விதைக்காதவன் எதற்குக் காத்திருக்கிறான்?

உங்கள் அப்பா இந்த ஆண்டு விதைத்தாரா என்று மட்டும் கேளுங்கள். திருவுளமானால் நெல் தானே முளைக்கும் என்று விட்டிருக்க மாட்டார், பந்தயம் வைக்கிறேன்.

வடக்கு வீதி | 14 டிசம்பர், இரவு 10.58

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். நான் கத்தோலிக்கன் இல்லை, சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவன். எங்களிடமும் இந்தப் பேச்சு உண்டு. "கர்த்தரைப் பரீட்சை பார்க்கக் கூடாது" என்று சொல்லி மாத்திரையை நிறுத்தியவர்களை அறிவேன்.

அந்த வசனம் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். தேவாலயத்து உச்சியில் நிறுத்தி, கீழே குதி, தூதர்கள் உன்னைத் தாங்கிக்கொள்வார்கள் என்று சோதனைக்காரன் சொல்கிறான். அவனுக்கு இயேசு சொன்ன மறுமொழி அது, மத்தேயு 4:7. இறங்கிப் போகப் படிக்கட்டு இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் குதிப்பதுதான் பரீட்சை. இங்கே யார் குதிக்கிறார்கள், யார் படியில் இறங்கச் சொல்கிறார்கள்?

எழுபதைத் தாண்டியவன் | 15 டிசம்பர், காலை 5.50

எல்லோரும் கூடி ஒரு கிழவனை மடக்கப் பார்க்கிறீர்கள். வேத வசனத்தை வைத்து அப்பனை ஜெயிக்க மகளுக்குப் பயிற்சி கொடுக்கிறீர்கள். நன்றாக இருக்கிறது.

ஓரியூர் உங்களுக்கு எவ்வளவு தூரம்? 1693 பிப்ரவரி 4 அன்று புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) அங்கே வாளுக்குத் தலை கொடுத்தார். தப்பிக்க வழி தேடவில்லை. அந்தச் செம்மணலை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்கிற நாம், ஒரு பெரியவர் "என் உயிர் ஆண்டவர் கையில்" என்றால் உடனே கவுன்சலிங் கொடுக்கக் கிளம்பிவிடுகிறோம். பிள்ளைகளுக்குப் பயம். அந்தப் பயத்துக்கு அன்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மகளே, உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் அப்பா எதற்குப் பயப்படுகிறார் என்று அவரிடம் எப்போதாவது கேட்டாயா?

மறைக்கல்வி அக்கா | 15 டிசம்பர், முற்பகல் 11.15

பெரியவரின் கடைசிக் கேள்விக்கு முழு மதிப்பெண். அருளானந்தர் பற்றிச் சொன்னதற்குப் பாதிதான் கொடுப்பேன்.

அருளானந்தரை 1686-லேயே பிடித்து வதைத்தார்கள். விடுதலையாகி ஐரோப்பா போனார். போர்ச்சுகல் அரசர் அவரை அங்கேயே இருத்திக்கொள்ள விரும்பினார். அவரோ 1690-இல் இந்தியாவுக்குத் திரும்பி, மறுபடியும் மறவ நாட்டுக்கே (இராமநாதபுரம் பக்கம்) வந்தார். தேடி வந்தது மக்களை, சாவை இல்லை. தலை கொடுக்க நேர்ந்தபோது கொடுத்தார். உடம்பில் இருக்கிற நோயைப் பார்க்க மாட்டேன் என்று சொன்ன கதை அவருடையது இல்லை, ஐயா.

இப்போது தங்கையின் கேள்விக்கு வருகிறேன். வருகிற ஞாயிறு, நான்காம் வாரம், முதல் வாசகம் எசாயா ஏழாம் அதிகாரம். மூன்றாண்டுச் சுழற்சியில் இப்போது முதல் ஆண்டு வாசகங்கள் அல்லவா? எல்லோரும் "கன்னி கருவுறுவாள்" என்ற வரிக்காகக் காத்திருப்பார்கள், அதற்கு முந்திய வரி காற்றில் போய்விடும். பின்னணி இதுதான்: சிரியாவும் வட நாட்டு இஸ்ரயேலும் சேர்ந்து எருசலேம்மீது படையெடுத்து வருகின்றன. அரசன் ஆகாசு நடுங்கிப்போய் இருக்கிறான். கடவுளே இறங்கி வந்து, உனக்கு விருப்பமான அடையாளத்தைக் கேள், பாதாளத்திலிருந்தோ வானத்திலிருந்தோ கேள் என்கிறார். அவன் சொன்ன பதில்: "நான் கேட்கமாட்டேன், ஆண்டவரைச் சோதிக்க மாட்டேன்."

கேட்பதற்கு எவ்வளவு பணிவாக இருக்கிறது! மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளிடம் இது நல்ல பதிலா என்று கேட்டால் நல்ல பதில் என்றே சொல்வார்கள். ஆனால் எசாயா சீறுகிறார்: மனிதர் பொறுமையைச் சோதித்தது போதாதென்று கடவுள் பொறுமையையும் சோதிக்கிறீர்களா என்று. ஏன்? அவன் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டான். 2 அரசர் 16-ஐப் பாருங்கள். கோவிலில் இருந்த வெள்ளியையும் பொன்னையும் வாரி அசீரிய அரசனுக்கு அனுப்பி, நான் உம் பணியாளன் என்று சொல்லி ஆதரவு கேட்கிறான். கடவுளிடம் அடையாளம் கேட்டால் கடவுள் காட்டிவிடுவார். காட்டிவிட்டால் தன் திட்டத்தை மாற்ற வேண்டி வரும். அதனால் பக்தியான ஒரு வார்த்தையால் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

தன் விருப்பத்துக்குத் திருவுளம் என்று பெயர் சூட்டுவது நாம் எல்லோரும் செய்கிறதுதான். நானும் வீடு மாற்றாமல் இருக்க அப்படிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தேவகோட்டை மகள் | 15 டிசம்பர், பிற்பகல் 2.05

அக்கா, அப்பாவை ஆகாசோடு சேர்க்காதீர்கள். கோபம் வருகிறது. ஒரு நாளும் செபமாலை விடாதவர் அவர்.

மறைக்கல்வி அக்கா | 15 டிசம்பர், பிற்பகல் 2.30

ஆளைச் சேர்க்கவில்லை, வார்த்தையைத்தான் சேர்த்தேன். நீங்கள் எழுதியதையும் எசாயாவில் இருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனாலும் உங்கள் கோபம் நியாயம். விடுங்கள்.

பள்ளத்தூர்ப் பேரன் | 15 டிசம்பர், மாலை 6.20

நான் கிறிஸ்தவன் இல்லை, நகரத்தார் வீட்டுப் பையன். தோழி ஒருத்தி இந்த இழையை அனுப்பினாள். குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும்.

எங்கள் வீட்டிலும் இது காத்திருக்கிற மாதம். பெரிய கார்த்திகை தொடங்கி 21 நாள் பிள்ளையார் நோன்பு. நாளுக்கு ஒரு நூலாகக் கோடி (புது) வேட்டியிலிருந்து எடுத்து வைத்து, கடைசி நாள் 21 நூலையும் திரியாக்கி, மாவுப் பிள்ளையாரில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். வீட்டில் மூத்தவர் கையால் வாங்குவதுதான் முறை. எங்கள் வீட்டில் அப்பத்தா.

அப்பத்தா எதற்கெடுத்தாலும் "பிள்ளையார் விட்ட வழி" என்பார். பேரனுக்குப் பெண் அமையவில்லையா, பிள்ளையார் விட்ட வழி. கூரை ஒழுகுகிறதா, பிள்ளையார் விட்ட வழி. ஆனால் இரத்த அழுத்த மாத்திரை ஐந்து நிமிடம் தாமதமானால் வளவு முழுக்கக் கேட்கும்படி சத்தம் போடுவார். ஒருநாள் கேட்டேவிட்டேன். "மாத்திரையையும் அவர்தானேடா விட்டார்" என்றார். அவ்வளவுதான், நான் போகிறேன்.

வடக்கு வீதி | 15 டிசம்பர், மாலை 6.48

அப்பத்தாவுக்கு என் வணக்கம். இது கத்தோலிக்க வேதாகமத்திலேயே இருப்பதாகச் சொல்வார்கள், எங்கள் 66 புத்தகத்தில் இல்லை. சீராக் தானே?

மறைக்கல்வி அக்கா | 15 டிசம்பர், இரவு 8.10

ஆமாம் அண்ணன், சீராக் 38. மருத்துவரைப் படைத்தவர் ஆண்டவர், மருந்துகளை நிலத்திலிருந்து தோன்றச் செய்தவரும் அவரே, அறிவுள்ளவர் அவற்றைத் தள்ளிவிட மாட்டார் என்று போகிறது. அதில் ஒரு வரிசை உண்டு: நோய் வந்தால் முதலில் மன்றாடு, பாவத்தை விட்டு விலகு, காணிக்கை செலுத்து, பிறகு மருத்துவருக்கு இடம் கொடு, அவரும் உனக்குத் தேவை என்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பெரியவர் என்னை விடமாட்டார். எந்தச் சிகிச்சையையும் மறுக்கவே கூடாது என்று திருச்சபை சொல்லவில்லை. பெரும் சுமையான, ஆபத்தான, கிடைக்கும் பலனுக்குப் பொருந்தாத சிகிச்சையை நிறுத்திக்கொள்ளலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2278-ஆம் எண்ணில் இருக்கிறது. 1957-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) மருத்துவர்களிடம் பேசும்போதும் சாதாரண வழிகளைக் கைக்கொள்வதுதான் கடமை, அதற்கு மேல் கட்டாயம் இல்லை என்றார். ஆஞ்சியோ எந்தப் பக்கம் சேரும் என்பதை மருத்துவம் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளுடை | 15 டிசம்பர், இரவு 11.35

பணி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். நான் செவிலியர்.

ஆஞ்சியோ என்பது அறுவை சிகிச்சை இல்லை. பெரும்பாலும் மணிக்கட்டிலோ தொடையிலோ மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாயை இரத்தக் குழாய் வழியாக அனுப்பி, சாயம் செலுத்திப் படம் எடுப்பார்கள். நோயாளி விழித்தே இருப்பார், பேசலாம். அடைப்பு எங்கே, எவ்வளவு என்று தெரியும். அதன் பிறகு மாத்திரை போதுமா, ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வேண்டுமா, பைபாஸா என்று முடிவு செய்வார்கள். மாத்திரை போதும் என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களும் உண்டு. ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் குறைவு. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று இரத்தப் பரிசோதனை முதலில் செய்வார்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நடக்கும்போது வருகிற அழுத்தம் உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, இடது கையிலோ தாடையிலோ வலி பரவினாலோ வாதம், வசனம் எதுவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

தேவகோட்டை மகள் | 17 டிசம்பர், இரவு 9.15

பெரியவர் கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டேன்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து குடிலுக்குக் கேழ்வரகு முளைக்கப் போட்டுக்கொண்டிருந்தார். கொட்டாங்கச்சிகளில் வண்டல் மண், மேலே ஒரு பிடி விதை, அதன் மேல் ஈரச் சாக்கு. கிறிஸ்துமஸுக்குள் விரல் உயரம் பச்சையாக வந்துவிடும், அதை மாட்டுக் கொட்டகையைச் சுற்றி வைப்பார். என் மகன் பக்கத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். அவனை உள்ளே அனுப்பிவிட்டு, "அப்பா, மதுரைக்குப் போக உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

சாக்கை எடுத்துப் பிழிந்தார். மறுபடியும் போட்டார். "உன் அம்மாவை இங்கிருந்து பஸ்ஸில்தான் ஏற்றிக்கொண்டு போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். திரும்பி வந்தது வேறு வண்டியில்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பார்த்தால் ஏதாவது இருக்கிறது என்பார்கள். இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நான் எப்படி மடை திறக்கப் போவேன்? தெரியாமல் இருந்தால் போய்க்கொண்டிருப்பேன்" என்றார். அப்புறம் வழக்கம்போல, "சூசையப்பரிடம் நன்மரணம் கேட்டிருக்கிறேன், போதும்" என்று எழுந்துவிட்டார்.

இவ்வளவு நாள் விசுவாசத்தோடு வாதாடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் சாவோடு வாதாடியிருக்கிறேன்.

எழுபதைத் தாண்டியவன் | 18 டிசம்பர், காலை 5.30

ஒன்றைச் சொல்லாமல் இருந்தேன். என் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் இருக்கிறது.

நானும் இதே திருவுளப் பல்லவிதான் பாடினேன். பாடிக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டேன், தூக்கிக்கொண்டு போனார்கள். அதனால் என்னைக் கேட்டுத்தான் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. அங்கே கட்டிலில் கிடந்தபோது எனக்கு வலி பெரிதாகத் தெரியவில்லை. கால் கழுவிவிட மகன் வரும்வரை காத்துக்கிடந்ததுதான் தாங்கவில்லை. மருமகள் கையால் கஞ்சி குடித்தேன். வேட்டியை வேறொருவர் கட்டிவிட்டார். பணிவு, பணிவு என்று அறுபது வருடம் பூசையில் கேட்டிருக்கிறேன் மகளே, அந்தக் கட்டிலில்தான் அதன் ருசி தெரிந்தது. கசப்பு. ஆண்டவர் கையில் உயிரை ஒப்படைப்பது லேசு, அவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார். மகன் கையில் உடம்பை ஒப்படைப்பதுதான் கஷ்டம்.

உன் அப்பா சாவுக்கு அஞ்சுகிறவர் மாதிரித் தெரியவில்லை. படுத்துக்கொண்டு பிறர் கையை எதிர்பார்ப்பதற்கு அஞ்சுகிறார். அதனால் வசனத்தால் அடிக்காதே. மடையை யார் பார்ப்பார் என்பதற்கு முதலில் வழி சொல்.

மறைக்கல்வி அக்கா | 18 டிசம்பர், பிற்பகல் 1.20

ஐயா, முழு மதிப்பெண்ணும் கொடுத்துவிட்டேன்.

சூசையப்பரை, அதாவது மரியாவின் கணவர் யோசேப்பைப் பற்றி ஒன்று மட்டும். இன்றைய நற்செய்தியும் வருகிற ஞாயிறு நற்செய்தியும் ஒன்றுதான், மத்தேயு முதல் அதிகாரம். சூசையப்பர் மரியாவை மறைவாக விலக்கிவிட முடிவு செய்திருந்தார். அவர் நேர்மையாளர், யோசித்து எடுத்த முடிவு அது. கனவில் வானதூதர் வேறொன்று சொல்கிறார். விழித்தெழுந்து அப்படியே செய்கிறார். அடுத்த அதிகாரத்தில் எழுந்திரும், பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடும் என்கிறார். அன்று இரவே கிளம்புகிறார். திருவுளமானால் ஏரோதிடமிருந்து குழந்தை தப்பிக்கும் என்று பெத்லகேமில் படுத்திருக்கவில்லை. நன்மரணத்துக்குப் பாதுகாவலர் என்று நாம் வேண்டிக்கொள்கிற அந்த மனிதர், நற்செய்தியில் எப்போது பார்த்தாலும் எழுந்து எங்கேயோ கிளம்பிக்கொண்டே இருக்கிறார். ஒரு வார்த்தை பேசியதாகவும் பதிவில்லை.

நீங்கள் கேள்வி கேட்டதற்காக மனச்சாட்சி உறுத்தினால் போன ஞாயிறு நற்செய்தியை மறுபடி வாசியுங்கள். "வரவிருப்பவர் நீர்தாமா?" என்று சிறையிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டவர் திருமுழுக்கு யோவான், வேறு யாரும் இல்லை. இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சிறைக் கதவைத் திறக்கவும் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

செம்மண் காடு | 18 டிசம்பர், இரவு 7.45

பெரியவர் சொன்னதுதான் வழி. இப்போது பயிர் கதிர் வாங்குகிற நேரம், தண்ணீரை விட்டுவிட்டு அவரால் நகர முடியாது. உங்கள் ஊரில் பங்காளிகள் யாரும் இல்லையென்றால் சொல்லுங்கள் அம்மா, தேவகோட்டைப் பக்கம் என் மைத்துனன் இருக்கிறான்.

தேவகோட்டை மகள் | 21 டிசம்பர், இரவு 8.50

மடைக்குச் சித்தப்பா மகன் ஒப்புக்கொண்டான். அதை நேற்றுச் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை.

இன்று பூசை முடிந்து வரும்போது, விதைத்தீர்களா என்று செம்மண் அண்ணன் கேட்கச் சொன்னதையும் கேட்டுவிட்டேன். "இது உன் மூளையில் தோன்றியது இல்லை, எவனோ ஒரு சம்சாரி சொல்லிக்கொடுத்திருக்கிறான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து அவராகவே வந்தார். திருவிழா முடியட்டும், 29-ஆம் தேதி போகலாம், பஸ்ஸில் போக மாட்டேன், கார் பிடி என்றார். ஊசி போட்டுப் படம் எடுப்பதற்கு மட்டும்தான் சம்மதம், அதற்கு மேல் என்ன என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, ஆனால் அம்மா இருந்தபோது எடுத்தது. அதை வைத்துப் பார்க்க முடியுமா?

வெள்ளுடை | 21 டிசம்பர், இரவு 10.30

நல்ல செய்தி. ஆனால் 29 வரை பொறுக்கலாமா என்பதை நீங்களோ அப்பாவோ முடிவு செய்ய வேண்டாம். எழுதிக் கொடுத்த மருத்துவரை நாளைக் காலையே பார்த்து, இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லிக் கேளுங்கள். அதுவரை என்ன மாத்திரை என்பதையும் அவரிடமே கேளுங்கள். கரை ஏறுவது, மூட்டை தூக்குவது வேண்டாம், குடிலுக்கு நட்சத்திரம் கட்ட ஏணியில் ஏறுவதும் வேண்டாம்.

காப்பீடு குடும்பத்துக்கானது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டையில் அப்பா பெயர் இருக்கிறதா, ரேஷன் அட்டையில் உள்ளபடியே எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அங்கே போய் அலைய வேண்டி வரும். அட்டை, ரேஷன் அட்டை, ஆதார், இசிஜி தாள், மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சீட்டு, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் இதயப் பிரிவு இருக்கிறது. எங்கே போவதானாலும் காப்பீட்டு உதவி மையத்தில் முதலில் விசாரித்துவிடுங்கள்.